அச்சைக் காக்கும் இறப்பர் உறை



உருவத்திற் சிறியதென்று எதனையும் இகழலாகாது என்பதை விளக்க வந்த திருவள்ளுவர், உருண்டோடும் பெருந்தேருக்கு அச்சாணியைச் சான்று காட்டினார். மாவிட்டபுரத்திலும் நல்லூரிலும் தேரோட்டம் கண்டவர்களுக்கு அவ்வுவமையின் பொருத்தத்தை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அச்சைப் பற்றியதே. ஆயின், இது தேரின் அச்சன்று. நம் வீட்டு முற்றத்திலே நிற்கும் மோட்டார் வண்டியின் அச்சு. அந்த அச்சின் இரு முனைகளிலும், ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக அமைந்த கறுப்பு இறப்பர் உறை ஒவ்வொன்று மாட்டப்பட்டிருக்கும். கராச்சுக்காரர் அதனைப் 'பூட்' என்பர். கைக்குள் அடங்கும் அவ்வுறை கிழிந்தால் என்ன நேரும், கிழிந்ததை நாமே வீட்டில் மாற்றிக்கொள்வது எவ்வாறு என்பவற்றையே இங்கு கூற விழைகின்றேன்.

இதனை யான் நூலிற் கற்றதற்கு முன்னரே பட்டறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், என் வண்டியின் முன் சில்லின் உட்புறத்திலே கரிய கிறீஸ் தெறித்திருக்கக் கண்டேன். பழந்துணி ஒன்றால் துடைத்துவிட்டு, அதனை மறந்தும்விட்டேன். இரண்டு மாதங் கழிந்தபின், ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் 'டக், டக்' என்றொரு ஓசை எழலாயிற்று. நேரே ஓடும்போது ஓசை இல்லை. ஆதலால் அதனையும் பொருட்படுத்தவில்லை. கண்ணிற் புரை நீக்கிய என் தாயாரை யாழ்ப்பாண நகரிலிருந்து வேலணைக்கு அழைத்துச் சென்ற ஒரு மாலைப் பொழுதில், பண்ணைப் பாலத்தின் நடுவே 'படார்' என்றொரு சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது, வேகமானியின் முள்ளும் ஏறியது, வண்டியோ ஓரடியும் நகரவில்லை. இருபுறமும் கடல், கட்டுப்போட்ட கண்ணோடு தாயார். "தம்பி, ஏன் நிண்டிட்டுது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. அவ்வழியே வந்த லொறிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து உதவினார். மறுநாள் அச்சைக் கழற்றிப் பார்த்த முதிய மெக்கானிக், "ஐயா, அந்த இறப்பரை அண்டைக்கே மாத்தியிருந்தால் இந்த இரும்பு இண்டைக்குப் போயிராது" என்றார். இப்பேச்சின் சாரம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இவ்வுறை ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலிற் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீதிகளிலே நெடுங்காலம் ஓடியவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலேய வண்டிகள். 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் ஓடி எம்மக்களைத் தாங்கியவையும் அவையே. மொறிஸ் மைனர் போன்ற அவ்வண்டிகளில் எஞ்சினின் ஆற்றல் நீண்ட தண்டொன்றின் வழியே பின் சில்லுகளுக்குச் செல்லும். முன் சில்லுகளின் வேலை திரும்புவது மட்டுமே. ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டு 2009 இன் பின்னர் இங்கு பெருகிய யப்பானிய, இந்தியச் சிறு வண்டிகளிற் பெரும்பாலானவற்றிலோ, வண்டியை இழுப்பனவும் முன் சில்லுகளே, திரும்புவனவும் முன் சில்லுகளே. ஒரே சில்லு சுழலவும் வேண்டும், பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் விழுந்தெழும்போது ஏறியிறங்கவும் வேண்டும். ஆகவே அதனைச் சுழற்றும் அச்சிலே, நம் தோளையும் மணிக்கட்டையும் போன்ற மூட்டுக்கள் அமைதல் இன்றியமையாததாயிற்று.

வளையும் மூட்டு என்பது புதிய கருத்தன்று. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞரான கார்டானோவின் பெயரும், பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞரான றொபேட் ஹூக்கின் பெயரும் சிலுவை வடிவான மூட்டோடு இணைத்துப் பேசப்படுகின்றன. பழைய வண்டிகளின் நீண்ட தண்டில் உள்ளது அம்மூட்டே. ஆனால் அதற்கொரு குறை உண்டு. ஒரு பக்கத்துத் தண்டு சீராகச் சுழன்றாலும், வளைந்து நிற்கும் மறுபக்கத்துத் தண்டு சீராகச் சுழலாது. இரண்டுக்கும் இடையே 30 பாகை வளைவு இருக்குமாயின், 100 என்ற வேகத்தில் உட்செல்லும் சுழற்சி, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 87 வரை தாழ்ந்து 115 வரை உயரும். சிறு வளைவில் இது தோன்றாது. முன் சில்லை முழுதாகத் திருப்பும்போதோ, சுக்கான் வளையமே கையில் உதறத் தொடங்கும்.

இக்குறையை நீக்குவதற்குப் பலர் முயன்றனர். அமெரிக்காவில் போர்ட் நிறுவனத்தில் எந்திரியாக இருந்த அல்பிரட் ஷெப்பா என்பவர் 1920களில் உருவாக்கிய மூட்டின் வழிவந்ததே இன்று பெரும்பாலான முன்னிழுவை வண்டிகளில் உள்ளது. 1959 இல் வெளிவந்த மினி என்னும் சிறிய வண்டி அவ்வகை மூட்டைப் பொதுமக்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கிண்ணம் போன்றதொரு வெளிப்பகுதி. அதனுள் உருண்டையானதோர் உட்பகுதி. இரண்டிலும் வெட்டப்பட்ட வளைந்த தவாளிப்புக்களிலே ஆறு உருக்குக் குண்டுகள். அக்குண்டுகளைச் சிதறாமற் பிடித்து நிற்கும் ஒரு கூடு. இவ்வளவே அதன் அமைப்பு. மூட்டு எவ்வளவு வளைந்தாலும், அவ்வளைவைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே ஆறு குண்டுகளும் நிற்கும். முகமும் கண்ணாடியில் தோன்றும் அதன் நிழலும் போல இரு தண்டுகளும் அத்தளத்துக்கு ஒத்த நிலையில் அமைவதால், ஒன்றின் வேகமே மற்றொன்றின் வேகமாகின்றது. ஆதலின் இதற்குச் 'சீர்வேக மூட்டு' என்று பெயர். சில்லின் பக்கத்தில் இருப்பது இவ்வகை. கியர்ப்பெட்டியின் பக்கத்தில், பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்டதும், அச்சு உள்ளும் புறமும் நகர இடந்தருவதுமான வேறொரு வகை மூட்டு இருக்கும்.

இந்த ஆறு குண்டுகளும் உருண்டும் வழுக்கியும் இயங்குவதற்குக் கிறீஸ் வேண்டும். அது வெளியேறாமலும், புழுதியும் நீரும் உள்ளே புகாமலும் காப்பது இறப்பர் உறை. அதன் பணி அவ்வளவே. ஆனால் அது தவறின் எல்லாந் தவறும். உறையில் ஒரு விரல் நீளக் கீறல் விழுந்தாற் போதும். சில்லின் சுழற்சி வேகம் கிறீசை வெளியே வீசியெறிந்துவிடும். வெறுமையான இடத்திலே மணலும் புழுதியும் குடியேறும். எஞ்சிய கிறீசோடு மணல் சேர்ந்தால் அது உராய்வைத் தணிக்கும் பொருளன்று, அரைக்கும் பொருள். அம்மியிலிட்டு அரைத்தாற்போல, உருக்குக் குண்டும் தவாளிப்பும் நாளுக்கு நாள் தேயும்.

எமது குடாநாட்டின் இயல்பு இவ்வுறைகளுக்குப் பெரும் பகையானது. வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டின் நுண்மணல். உள்ளூர் ஒழுங்கைகளிலே சுண்ணக்கல்லின் வெண்புழுதி. பண்ணைப் பாலத்திலும், காரைநகர்த் தாம்போதியிலும், வல்லை வெளியிலும், ஆனையிறவிலும் உப்புக் காற்று. மாரியில் முழந்தாள் அளவு வெள்ளம். கோடையில் இறப்பரை வெடிக்கச் செய்யும் வெயில். இவற்றோடு இன்னொன்றையும் எண்ணவேண்டும். 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி வரை தடை நீடித்தமையால், இந்நாட்டில் ஓடும் வண்டிகள் மூப்படைந்து நிற்கின்றன. உள்ளதைப் பேணிக் காப்பதே அறிவுடைமை. ஓர் உறையின் விலையையும் ஒரு முழு மூட்டின் விலையையும் உதிரிப்பாகக் கடையில் ஒருங்கே கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இனி, நோயறியும் முறையைக் கூறுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சுக்கானை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, சில்லின் பின்புறத்தைக் கைவிளக்கால் நோக்குக. உறையின் மடிப்புக்களை விரலால் விரித்துப் பார்க்கவேண்டும். வெடிப்பு மடிப்பின் அடியிலேதான் தொடங்கும். மேற்பரப்பு காய்ந்து மயிரிழை போன்ற கோடுகள் மட்டும் இருப்பின், மாற்றும் காலம் நெருங்குகின்றது என்பது பொருள். கிழிந்து கிறீஸ் தெறித்திருப்பின், அன்றே மாற்றுதல் நன்று. முழுதாகத் திருப்பி மெல்ல ஓட்டும்போது 'டக், டக்' என்னும் ஓசை எழுமாயின், வெளி மூட்டுத் தேய்ந்துவிட்டது. இனிப் புதிய உறை போடுவது, பிணத்துக்கு மருந்திடுவதை ஒக்கும். நேரே செல்லும்போது வேகத்தைக் கூட்டினால் வண்டி நடுங்குமாயின், உள் மூட்டை ஐயுற வேண்டும்.

ஓசை இல்லை, உறை மட்டுமே கிழிந்தது என்று துணிந்தபின், வேலையைத் தொடங்கலாம். ஸ்பனர் பிடித்துப் பழகிய கையுடையவர்க்கு ஒரு பகற்பொழுது போதும். உங்கள் வண்டியின் வகைக்குரிய உறை, இரண்டு தகட்டுப் பட்டிகள், கிறீஸ், அச்சைப் பிடிக்கும் வளையக் கிளிப் ஆகியன ஒரே பொதியாகக் கிடைக்கும். அச்சு நட்டுக்குரிய பெரிய சொக்கற் ஒன்றும் வேண்டும். பல சிறு வண்டிகளில் அது 30 அல்லது 32 மில்லிமீற்றர் அளவினது. வண்டிக்குரிய கைந்நூலையும் அருகில் வைத்துக்கொள்க. ஏனெனில் சில வண்டிகளில் வெளி மூட்டைத் தண்டிலிருந்து கழற்றலாகாது. அவற்றில் உள் மூட்டைக் கழற்றி, அவ்வழியாகவே இரண்டு உறைகளையும் ஏற்றவேண்டும்.

முதலாவது, உயிர்க்காப்பு. சமதரையிலே வண்டியை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்க. ஜக் என்பது தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தூக்கியபின் இரும்புத் தாங்கியின் மீதே வண்டி அமர வேண்டும். நம்மூரிலே சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்தும் வழக்கம் பரவலாக உண்டு. உட்பொள்ளலான அக்கல், பாரத்தின்கீழ் எவ்வித முன்னறிவிப்பும் இன்றிப் பொடிந்துவிடும். அதன்கீழ்த் தலை வைத்தவர் மீண்டெழுவது அரிது. ஆகவே, தாங்கி இல்லையேல் வேலையும் இல்லை என்பதை உறுதியாகக் கொள்க.

இரண்டாவது, சில்லு நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே அச்சு நட்டை இளக்க வேண்டும். நட்டிலே கொட்டர் பின் இருப்பின் அதனை நிமிர்த்தி எடுக்க. விளிம்பு அடித்து மடிக்கப்பட்டிருப்பின் அம்மடிப்பை விரிக்க. இந்த நட்டு மிகுந்த விசையோடு இறுக்கப்பட்டது. 40 சென்ரிமீற்றர் நீளக் கம்பியின் நுனியில் 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஏறி நிற்பதால் எழும் முறுக்கு ஏறக்குறைய 200 நியூற்றன் மீற்றர். பல வண்டிகளில் இந்நட்டின் இறுக்கம் இதனை அண்டியதே. தூக்கி நிறுத்திய வண்டியில் இவ்வளவு விசையைச் செலுத்தினால் வண்டி தாங்கியிலிருந்து சரியும். இதனாலேயே இவ்வேலை முதலிற் செய்யப்படுகின்றது.

மூன்றாவது, வண்டியைத் தூக்கிச் சில்லைக் கழற்றி, கீழ்க்கையின் குண்டு மூட்டைப் பிரித்தாற் சில்லுத் தாங்கி வெளிப்புறமாக விலகும். பிறேக் குழாய் இழுபடாமற் பார்த்துக்கொள்க. வேகமறியும் மின்கம்பி இருப்பின் அதனையும் விடுவிக்க. அச்சு நட்டைப் புரிகளின் நுனியளவுக்குப் பிடிக்கவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினால் அச்சு பின்வாங்கும். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தாற் புரி சிதையும். பின்னர் நட்டை நீக்கி, அச்சின் நுனியை வெளியே எடுக்க. அச்சைப் பிடித்து இழுக்கலாகாது. உள் மூட்டு தன் இருப்பிடத்தினின்றும் கழன்றுவிடும். முழு அச்சையும் கியர்ப்பெட்டியிலிருந்து எடுப்பதாயின், அதன் எண்ணெயை முன்னரே வடித்துக்கொள்ள வேண்டும். அச்சு நீங்கிய நிலையில் வண்டியை உருட்டலாகாது. சில்லின் பெயறிங் கெட்டுவிடும்.

நான்காவது, பழைய பட்டிகளை வெட்டி, உறையைக் கிழித்து நீக்குக. மூட்டின் உட்பகுதி தண்டின் நீளப் பற்களில் வளையக் கிளிப்பினால் நிற்கும். சில வகைகளிற் கிளிப்பை விரித்தும், வேறு சிலவற்றிற் பித்தளைக் கோலை உட்பகுதியில் ஊன்றித் தட்டியும் மூட்டைக் கழற்றுவர். கழற்றிய மூட்டை மண்ணெண்ணெயிற் கழுவி, ஒரு சொட்டும் எஞ்சாதபடி உலர்த்துக. பெற்றோலைப் பயன்படுத்துவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். பின்னர் மூட்டை எல்லாத் திசையிலும் வளைத்து, ஆறு குண்டுகளையும் ஒவ்வொன்றாக நோக்குக. பளபளப்பான தடம் இருப்பது இயல்பு. குழிகள், உதிர்ந்த செதில்கள், கூட்டில் வெடிப்பு, சூட்டினால் எழுந்த நீல நிறம் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் அம்மூட்டு உதவாது. இவ்விடத்தில் நம்மை நாமே ஏமாற்றுவதே பெருந்தவறு. 'இன்னும் கொஞ்சக் காலம் ஓடட்டும்' என்ற எண்ணமே என்னைப் பண்ணைப் பாலத்தில் நிறுத்தியது.

ஐந்தாவது, புதிய உறையை ஏற்றுதல். தண்டின் பற்கள் உறையைக் கிழிக்காதபடி அவற்றின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றுக. முதலிற் சிறிய பட்டியையும், அடுத்து உறையையும் தண்டில் ஏற்ற மறவாதீர்கள். மூட்டைப் பொருத்திய பின்னரே உறை மேசையிற் கிடப்பதைக் கண்டு நெற்றியில் அடித்துக்கொண்டவர் பலர். பின் நாடாவை நீக்கி, புதிய கிளிப்பை மாட்டுக. பொதியில் வந்த கிறீசிற் பாதியைக் குண்டுகளுக்கிடையே விரலால் அழுத்தி நிரப்பி, எஞ்சியதை உறைக்குள் இடுக. கறுப்பாய்த் தோன்றும் அக்கிறீஸ் மொலிப்டினம் இருசல்பைட்டு என்னும் பொருள் கலந்தது. வேறு கிறீசை இதனோடு கலக்கலாகாது, கூடுதலாகவும் திணிக்கலாகாது. மூட்டைப் பற்களில் நேராக வைத்து மரக்கட்டையால் தட்டினால், கிளிப் தன் இடத்திற் பொருந்தும். பின் இழுத்துப் பாருங்கள், கழலாதாயின் நன்று.

ஆறாவது, உறையின் இரு விளிம்புகளும் அமரும் தவாளிப்பைக் கிறீஸ் இன்றித் துடைத்து, விளிம்புகளை அதில் அமர்த்துக. கூரற்ற மெல்லிய கோலொன்றை விளிம்பின்கீழ்ச் செலுத்தி உட்காற்றைச் சமப்படுத்திய பின்னரே பட்டிகளை இறுக்க வேண்டும். உறை ஊதியும் இருக்கலாகாது, ஒடுங்கியும் இருக்கலாகாது. பட்டிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்குவோர் உளர். அது இறப்பரை அறுத்து, செய்த வேலையைச் சில கிழமைகளிற் பயனிலதாக்கும். அச்சைக் கழற்றாமலே ஒட்டிக்கொள்ளும் பிளந்த உறைகளும் விற்கப்படுகின்றன. வழியில் அகப்பட்டோர்க்கு அவை கைகொடுக்கும். நம்மூர் மணலில் அவற்றின் ஒட்டை நெடுநாள் நம்பலாகாது.

ஏழாவது, கழற்றிய முறைக்கு எதிர்முறையாகப் பூட்டுதல். அடித்து மடிக்கும் வகை நட்டாயின் புதியதே இடவேண்டும். கொட்டர் பின்னும் புதியதாகுக. வண்டியை இறக்கி, சில்லு ஊன்றிய பின், கைந்நூல் கூறும் அளவுக்கு அச்சு நட்டை முறுக்குமானியால் இறுக்குக. சில்லின் நட்டுக்களைக் குறுக்கு முறையில் ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குக. கியர்ப்பெட்டியின் எண்ணெயை வடித்திருந்தால் மீள நிரப்பாமல் எஞ்சினை இயக்கலாகாது. பின்னர் ஆளில்லாத வெளியொன்றில் இருபுறமும் முழுதாகத் திருப்பி, மெல்ல வட்டமிட்டுச் செவிகொடுத்துக் கேளுங்கள். இரண்டு கிழமையின் பின் மீண்டும் ஒருமுறை விளக்குப் பிடித்துப் பாருங்கள்.

வேலை முடிந்தபின் எஞ்சும் அழுக்குக் கிறீசையும் மண்ணெண்ணெயையும் பற்றி ஒரு சொல். வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டுக்குக் கிணறே உயிர்நாடி. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்கள் வழியே, நிலத்தில் ஊற்றியது எளிதில் நிலத்தடி நீரைச் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015 அளவில் மக்களை எவ்வாறு கலங்கச் செய்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆதலின் அவற்றை வேலியோரத்தில் ஊற்றாமல், மூடியுள்ள தகரமொன்றிற் சேர்த்து, கழிவெண்ணெய் எடுக்கும் இடத்திற் கொடுங்கள்.

இவ்வேலையை எல்லாரும் தாமே செய்யவேண்டும் என்பது என் கருத்தன்று. தாங்கியும் முறுக்குமானியும் இல்லாதவர், துருவேறி அசையாத குண்டு மூட்டைக் கண்டவர், ஐயம் எழுந்தவர் ஆகியோர் நல்ல மெக்கானிக்கை நாடுவதே முறை. ஆனால் குனிந்து பார்த்தல் எல்லார்க்கும் இயலும். அதற்குக் கருவி வேண்டா, காசும் வேண்டா; சிறிது நேரமும் ஒரு கைவிளக்குமே வேண்டும். என் தாயார் இன்றும் அவ்வண்டியில் ஏறுமுன், "தம்பி, இறப்பரைப் பாத்தனியே?" என்று கேட்பதுண்டு. பார்த்தேன் என்று சொல்ல முடிகின்ற நாளில்தான் பண்ணைக் கடலின் அழகு என் கண்ணுக்குத் தெரிகின்றது.